பிளேஸ்டோ பக்கம் – 19: பரணிலிருந்து இறங்கிய பேஸ் கிடார்

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் ஈயாடுது. ஆணி அதிகம் மக்களே. டிசர்ட்டேஷன் ஆணி ஒரு பக்கம், சொந்தச் செலவுல வச்சுகிட்ட சூனியம் இன்னொரு பக்கம். ஆமா, கிடார் வாங்கிட்டேன். சாதா கிடார் இல்ல, பேஸ் கிடார். நாலே நாலு கம்பி. முந்நூத்தி நாப்பது பவுண்டு.

கம்பிக்கு எண்பத்தஞ்சு பவுண்டான்னு கணக்குப் போடற நல்ல உள்ளங்களுக்கு: ஆறு மாசம் சனி ஞாயிறு ஒரு கடையில பால் பாட்டில் அடுக்கின காசு அது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இந்தப் பக்கத்தை அவங்க படிக்கறதில்லைங்கற தைரியத்துலதான் எழுதறேன்.

எனக்கு ஏன் பேஸ் கிடார்னு கேட்காதீங்க. ராஜா பாட்டைக் கேட்டு வளர்ந்த எவனுக்குமே அடியில தனியா ஒரு பாட்டு ஓடிகிட்டு இருக்கறது ஒருநாள் காதுல விழும். விழுந்துட்டா அப்புறம் மேல இருக்கற பாட்டு கேட்காது. அந்த வியாதி எனக்கு காலேஜ்லயே வந்தாச்சு.

வாங்கினது 1960கள்ல வந்த ஒரு மலிவு மாடலோட மறுபதிப்பு. கிடார்க்காரங்க 'ரீஇஷ்யூ'ம்பாங்க. நம்ம பதிப்பக பாஷையில சொன்னா சுலபமா புரியும். அந்தக் காலத்துல சாணித்தாள்ல மலிவுப் பதிப்பா வந்த புஸ்தகத்தை, இன்னிக்கு கெட்டி அட்டை, வழவழ தாள், நீளமா ஒரு முன்னுரைன்னு 'செம்பதிப்பு' போட்டு விக்கறாங்கல்ல, அதேதான். எழுத்து அதே எழுத்துதான், ஆனா அதை வாங்கிப் படிச்ச பையன் கையில இருந்த காசுக்கு இது கிடைக்காது.

கிடாரைத் தூக்கிகிட்டு வீட்டுக்குள்ள நுழையறேன், ஹால்ல அங்கிள். (புதுசா வர்றவங்களுக்கு: அங்கிள், அன்ரி ரெண்டு பேரும் என் வீட்டு ஓனர்கள். யாழ்ப்பாணம். 1984ல லண்டன் வந்தவங்க. மேல் ரூம் எனக்கு வாடகை.)

"என்ன தம்பி உது? கிற்றாரோ?"

"ஆமா அங்கிள். பேஸ்."

பையைத் திறந்து பார்த்தார். தலைப்பக்கம், உடம்பு, முதுகுன்னு மாப்பிள்ளை பார்க்கற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன விலை?" சொன்னேன். "விசரே உமக்கு? உதைப்போல ஒண்டு மேல லொஃப்டில கிடக்குது. முப்பத்தஞ்சு பவுண்டுக்கு வாங்கினனான்."

பத்து மாசமா அந்தப் பரணுக்கு நேர் கீழேதான் நான் தூங்கறேன் மக்களே!

ஏணி போட்டு நான்தான் ஏறினேன். கிறிஸ்துமஸ் மரம், ரெண்டு சூட்கேஸ், ஒரு பழைய தையல் மெஷின், அதுக்குப் பின்னாடி கறுப்பு ரெக்சின் உறையில அது. தலையில பேரே இல்ல. எப்பவோ ஒட்டியிருந்த எழுத்து உதிர்ந்துபோய் பசைத்தடம் மட்டும். கழுத்தும் உடம்பும் சேர்ற இடத்துல இரும்புத் தகடு, அதுல ஜப்பான்ல செஞ்சதுன்னு பொறிச்சிருக்கு. அவ்வளவுதான் ஜாதகம்.

அங்கிள் அதை 1985ல கிரீன் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில வாங்கியிருக்கார். அப்பவே அதுக்கு இருபது வயசு இருக்கும். 60கள்ல ஜப்பான் ஃபாக்டரிகள் இந்த மாதிரி கிடார்களை கப்பல் கப்பலா அனுப்பினாங்க. ஒரே ஃபாக்டரி சரக்கு, இறக்குமதி பண்றவர் ஒட்டற பேர்தான் வேற. குயாடோன் கம்பெனியோட கிடார் இங்கிலாந்துல 'ஆன்டோரியா'ன்னு வித்துச்சு. ஷாடோஸ் குழுவோட ஹாங்க் மார்வின் ஆரம்பத்துல வாசிச்சது அதுதான். உல்வொர்த் கடையிலகூட 'ஆடிஷன்'னு ஒரு பேர்ல கிடார் தொங்கும். சோப்பு, மிட்டாய், பக்கத்துல கிடார். அந்த உல்வொர்த்தையே 2009 ஜனவரியோட இங்க மூடிட்டாங்க.

இங்க ஒரு சின்ன கொசுவத்தி. நம்ம ஏரியா சமாச்சாரம்.

ஈஸ்ட்ஹாம்லேர்ந்து மேனர் பார்க் நோக்கிப் போற ஹை ஸ்ட்ரீட் நார்த் இருக்கே, நமக்கெல்லாம் மகாலட்சுமி கோயில், தோசை, இடியாப்பம், மளிகை. அதே தெருவுல 60கள்ல 'ஜே60 மியூசிக் பார்'னு ஒரு இசைக்கருவிக் கடை இருந்துச்சு. 1965 வாக்குல அங்க வேலை பார்த்த பையன் பேரு ஸ்டீவ் மாரியட். அப்பாவைக் கூட்டிகிட்டு பேஸ் கிடார் வாங்க வந்த பையன் பேரு ரானி லேன். இந்த ரானி லேன் 1946ல பிறந்தது நம்ம பிளேஸ்டோவுல. ரெண்டு பேரும் கடையிலயே பேச ஆரம்பிச்சு, வேலை முடிஞ்சதும் மாரியட் வீட்டுக்குப் போய் ரிக்கார்டு கேட்டு... அப்படி ஆரம்பிச்சதுதான் 'ஸ்மால் ஃபேசஸ்'. அதே வருஷம் முதல் ரிக்கார்டு, அடுத்த வருஷம் செப்டம்பர்ல இங்கிலாந்துல நம்பர் ஒன்.

அன்னிக்கு லேன் வாங்கினது ஹார்மனி பேஸ். இதைத்தான் சொல்ல வந்தேன். ஹார்மனிங்கறது 1892ல சிகாகோவுல ஆரம்பிச்ச கம்பெனி. ஃபெண்டரும் கிப்சனும் வாங்க வக்கில்லாதவங்களுக்காகச் செஞ்ச சரக்கு. சியர்ஸ் கேட்லாக்ல பார்த்து தபால்ல வரவழைக்கற ரகம். ஆனா யார் கையில இருந்துச்சுன்னு பாருங்க: ஸ்டோன்ஸ் ஆரம்பிச்ச காலத்துல கீத் ரிச்சர்ட்ஸ் கையில ஹார்மனி, கிங்க்ஸ் குழுவோட டேவ் டேவிஸ் கையில ஹார்மனி. அது நல்ல கிடார்னு அவங்க வாங்கலை. வாங்க முடிஞ்சது அதுதான். 1959 வரைக்கும் இங்கிலாந்துல அமெரிக்க கிடாரை இறக்குமதி பண்றதுக்கே தடை. தடை போன பிறகும் ஃபெண்டர் விலை கட்டிட வேலைக்குப் போற பையனுக்கு எட்டற விலை இல்லை.

ஹார்மனி 1975ல மூடிட்டாங்க. 2018ல சிங்கப்பூர் கம்பெனி ஒண்ணு, பேண்ட்லேப், அந்தப் பேரை எழுப்பி, கிப்சனோட பழைய ஊரான கலமாசூவுல வச்சு புது ஹார்மனி செஞ்சுது. விலை ஆயிரம் டாலருக்கு மேல! நல்லா செஞ்சிருக்காங்க, சந்தேகமில்லை. ஆனா ஹார்மனி வாங்கக் காசில்லாத பையன்னு ஒருத்தன் உலகத்துல இருப்பான்னு ரானி லேன்கிட்ட சொல்லியிருந்தா சிரிச்சிருப்பார்.

எல்லா மறுபதிப்பும் இப்படி இல்லை. பால் மெக்கார்ட்னி 1961ல ஹாம்பர்க்ல வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸை சுமார் முப்பது பவுண்டுக்கு வாங்கினார். இன்னிக்குக் கணக்குக்கு ஐந்நூறைத் தாண்டும். அதே வடிவத்துல ஹாஃப்னர் சீனாவுல செய்ய வச்ச 'இக்னிஷன்' அதைவிடக் குறைஞ்ச விலைக்கு வந்துச்சு. ஒரிஜினல் தொட்டிக் கட்டு உடம்பு, மாண்டலின் மாதிரி உள்ள வெறும் காத்து. இப்போ வர்ற சில வயலின் பேஸ்கள்ல நடுவுல ஒரு கட்டை வச்சிருப்பாங்க. ஆம்ப் சத்தத்துல ஊளையிடாம இருக்கறதுக்கு. நல்லதுதான், ஆனா அந்தக் காத்துதான் பாதி சத்தமே. (மெக்கார்ட்னியோட அந்த 1961 கிடார் 1972ல லண்டன்ல திருடு போய், 2023ல ஒரு வீட்டுப் பரண்ல கிடைச்சுது. 2024 பிப்ரவரியில சேதி வந்தப்போ நான் ஊர்ல இருந்தேன். இந்த ஊர்ப் பரண்ல என்னென்ன கிடக்குதோன்னு அப்பவே நினைச்சேன்.)

நிற்க. நம்ம பரணுக்கு வர்றேன்.

அங்கிள் பேஸையும் என் பேஸையும் சோஃபாவுல பக்கத்துல பக்கத்துல படுக்க வச்சோம். அண்ணன் தம்பி மாதிரி இருந்துச்சு. ரெண்டுமே குட்டைக் கழுத்து, முப்பது இஞ்சு அளவு. சாதா பேஸ் முப்பத்துநாலு. ரெண்டுலயும் தங்கக் காகிதம் ஒட்டின மாதிரி பளபளன்னு பிக்கப். கம்பி அதிர்றதைக் கேட்டு மின்சாரமா மாத்தற காந்தமும் சுருளும் அதுக்குள்ளதான் இருக்கும். படத்துல பார்த்தா எது பழசு எது புதுசுன்னு சொல்ல முடியாது. கையில எடுத்தாதான் தெரியும்.

பழசோட கழுத்து வில்லா வளைஞ்சிருந்துச்சு. புதுக் கிடார்ல கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடும், சாவி போட்டு முடுக்கினா வளைவு நிமிரும். இதுல திருகற வசதி இல்லை. அதனால பன்னிரண்டாவது கட்டத்துல கம்பிக்கும் பலகைக்கும் நடுவுல என் சுண்டுவிரலே போகுது. அழுத்தி வாசிச்சா ரெண்டு நிமிஷத்துல விரல் நுனி கன்னிப் போச்சு. உடம்பு பிளைவுட். பாலம் மரத்துண்டு, நகர்த்தி நகர்த்தி சுருதி பிடிக்கணும், பிடிச்சாலும் மேல போகப் போக கால் சுருதி விலகும். புதுசுல இந்தத் தொல்லை ஒண்ணுகூட இல்லை. சுருதி நிக்குது, கம்பி தாழ இருக்கு. வேலைப்பாட்டை வச்சு மட்டும் சொன்னா பழசு பக்கத்துலயே வர முடியாது. 'அந்தக் காலத்துப் பொருள் மாதிரி வருமா'ன்னு பெருமூச்சு விடற ஜல்லியெல்லாம் விலையுயர்ந்த பொருளுக்குச் சரி. மலிவுச் சரக்கு அன்னிக்கும் மலிவுச் சரக்குதான்.

ஆனா ஆம்புல செருகினோம் பாருங்க.

முதல்ல கொய்ய்ங்னு இரைச்சல். அங்கிள் பேஸைத் தூக்கி வாய்கிட்ட கொண்டுபோய் பிக்கப்பைப் பார்த்து "ஹலோ, மைக் ரெஸ்ரிங், ஒண்டு ரெண்டு மூண்டு" அப்படின்னார். ஆம்புலேர்ந்து அவர் குரல் வருது! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. விஷயம் இதுதான்: பழைய மலிவு பிக்கப்புல சுருளை மெழுகுல ஊற வச்சு இறுக்கறதை மிச்சம் பிடிச்சிருப்பாங்க. சுருள் தளர்ந்து, மைக் மாதிரி எல்லாத்தையும் கேக்கும். கம்பியை மட்டும் இல்லை, விரல் பலகையில தட்டறது, சட்டை பொத்தான் உரசறது, எல்லாம். என் புதுசுல மெழுகு போட்டு இறுக்கியிருக்கு. நானும் அதுகிட்ட வாயை வச்சு ஹலோ சொல்லிப் பார்த்தேன். கண்டுக்கவே இல்லை.

அங்கிள் வாசிச்சார். பைலா மாதிரி துள்ளற ஒரு தாளம். தும் தும்முனு மரத்தைத் தட்டற சத்தம், நெஞ்சுல போய் விழுந்து உடனே செத்துப் போற சத்தம். என் புதுசு மணி அடிச்ச மாதிரி ஙொய்ங்குன்னு நீளமா நின்னுச்சு. வெறுத்துப் போச்சு. முந்நூத்தி நாப்பது பவுண்டு!

அங்கிள்தான் சொன்னார். "தம்பி, உம்முடைய கம்பியைத் தொட்டுப் பாரும். முரமுரப்பா இருக்குது. என்னுடையது வழுவழுப்பு." உண்மைதான். புதுக் கிடார் கடையிலேர்ந்து வரும்போது சுருள் சுத்தின சொரசொரப்புக் கம்பியோட வருது. 60கள்ல பெரும்பாலும் போட்டது தட்டைச் சுத்துக் கம்பி. மோடவுன் பாட்டுக்கெல்லாம் பேஸ் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் தட்டைக் கம்பிதான் போடுவார், அதையும் அறுந்தாலொழிய மாத்த மாட்டாராம். அங்கிள் கம்பி 1991ல போட்டது. இன்னும் மின்னிகிட்டு இருக்கு.

கம்பிக்குத் தனியா முப்பது பவுண்டு தண்டம் அழுதேன். மாட்டினதும் பாதி வித்தியாசம் காணாமப் போச்சு. சத்தியமா. 'வின்டேஜ் சத்தம்'னு உருகறதுல பாதி கம்பி சமாச்சாரம் மக்களே. பழைய கிடாருக்கு ஆயிரக்கணக்குல கொட்டறதுக்கு முன்னாடி தட்டைக் கம்பி மாட்டிப் பாருங்க.

மிச்சப் பாதி? அதுக்கு ஒரு பரீட்சை வச்சோம். அன்ரி சமையலறையில, முதுகைக் காட்டிகிட்டு வெங்காயம் நறுக்கிட்டு இருந்தாங்க. அங்கிள் மாத்தி மாத்தி ரெண்டையும் வாசிச்சார். ஆறு தடவை. எது எதுன்னு அன்ரி சொல்லணும்.

ஆறும் சரி.

"எப்படி அன்ரி?"

"வாசிக்கிறதுக்கு முதலே அந்த இரைச்சல் கேக்குது. எண்பத்தஞ்சாம் ஆண்டில இருந்து கேக்கிறன். பிள்ளையள் அந்தச் சத்தத்திலதான் நித்திரை கொண்டவை."

அன்னிக்கு ராத்திரி அங்கிள் கொஞ்சம் பேசினார். வழக்கமா பேச மாட்டார். 70கள்ல யாழ்ப்பாணத்துல கல்யாண வீடு, கோயில் திருவிழான்னு வாசிச்ச ஒரு சின்னக் கோஷ்டியில அவர்தான் பேஸ். கண்ணன் கோஷ்டி மாதிரி பேர் போன குழு இல்லையாம், "அவை வராத இடத்துக்கு எங்களைக் கூப்பிடுவினம்." நித்தி கனகரத்தினம் ஆரம்பிச்சு வச்ச தமிழ் பொப் அலை அடிச்ச நேரம், ஊருக்கு ஊர் கிற்றார்ப் பெடியள். ஆனா 1970லேர்ந்து 77 வரைக்கும் சிறிமாவோ ஆட்சியில இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. கம்பி கிடைக்காது. சத்தம் மழுங்கின கம்பியைக் கழட்டி, பானையில போட்டு அவிச்சு, துடைச்சு திரும்ப மாட்டுவாங்களாம். "அம்மா பேசுவா, சோத்துப் பானையில இரும்பை அவிக்கிறாய் எண்டு." 84ல கிளம்பும்போது அந்த பேஸை ஒன்றுவிட்ட தம்பிகிட்ட விட்டுட்டு வந்திருக்கார். அப்புறம் அது என்னாச்சுன்னு நான் கேட்கலை. அவரும் சொல்லலை. லண்டன் வந்து முதல் வேலையில சேர்த்த காசுல வாங்கினது இது.

பிறகு கேட்டார்: "உது இப்ப என்ன விலை போகும்? விசாரிச்சுச் சொல்லும். எனக்கு விரல் ஏலாது."

வலது கை விரல்கள் பரவால்ல. இடது கையில மூட்டுவாதம். அந்த வில்லு கழுத்துல கம்பியை அழுத்தறது அவருக்கு எவ்வளவு வலியா இருந்திருக்கும்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது. காலையிலேர்ந்து வாசிச்சுக் காட்டிகிட்டு இருந்தார் மனுஷன்.

ஒரு பழைய கிடார் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். கடைக்காரர் முழுசாகூடப் பார்க்கலை. பிக்கப்பை மட்டும் பார்த்தார், மீட்டர் வச்சு அளந்தார், நல்ல விலை சொன்னார், முப்பத்தஞ்சு பவுண்டுக்குப் பல மடங்கு. சந்தோஷமா கழுத்து வளைவை எப்படிச் சரி பண்ணுவீங்கன்னு கேட்டேன். சரி பண்ண மாட்டாராம். பிக்கப்பைக் கழட்டி அதைத் தனியா விப்பாராம். திருகாணி, குமிழ், தகடு தனித்தனியா. உடம்பும் கழுத்தும்? தோளைக் குலுக்கினார்.

இது புதுசு இல்லை. ரை கூடர்னு ஒரு அமெரிக்க கிடார்க்காரர், டெய்ஸ்கோங்கற ஜப்பான் மலிவு கிடார்லேர்ந்து தங்கக் காகித பிக்கப்பைப் பிடுங்கி தன்னோட ஃபெண்டர்ல வச்சுகிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆளாளுக்கு மலிவு கிடாரா தேடிப் பிடிச்சு அறுக்க ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு அந்த பிக்கப்புக்கும் மறுபதிப்பு வந்தாச்சு, சில சமயம் அதோட விலைக்கு ஒரு புது கிடாரே வாங்கலாம். அறுபது வருஷம் முன்னாடி காசை மிச்சம் பிடிக்க மெழுகு போடாம விட்ட சாமான்!

வீட்டுக்கு வந்து விலையைச் சொன்னேன். அங்கிள் முகம் மலர்ந்துச்சு. பிரிச்சு விப்பாங்கன்னு சொன்னேன்.

"பிரிச்சோ?"

"ஆமா அங்கிள்."

ஒண்ணும் சொல்லாம டீ குடிச்சார். அன்ரிதான் உள்ளேர்ந்து, "அங்கயும் ஒண்டை விட்டிட்டு வந்தாச்சு" அப்படின்னாங்க. அவ்வளவுதான். பேச்சு நின்னு போச்சு.

மூணு நாள் கழிச்சு, நான் லைப்ரரியிலேர்ந்து வரும்போது, ஹால்ல என் புதுசு அங்கிள் மடியில. கம்பி தாழ இருக்கறதால விரல் அதிகம் அழுத்த வேண்டியதில்லை. அதே பைலா தாளம், அன்னிக்கு வாசிச்சதைவிட வேகமா. நான் வந்ததைக் கவனிச்சதும் குத்தவாளி மாதிரி நிறுத்தினார்.

"தம்பி, கோவிக்காதேயும். உது எனக்குத் தாரும். காசை வாடகையில கழிச்சுக் கொள்ளுவம். கம்பிக் காசையும் சேர்த்து."

"அப்ப பழசு?"

"அது உமக்கு. நீர்தானே பழசு பழசு எண்டு அலையிறீர்."

பேரம் முடிஞ்சுது. முந்நூத்தி எழுபது பவுண்டு வாடகையில கழிஞ்சாச்சு, அம்மாகிட்ட இனிமே தைரியமா சொல்லலாம். புதுசு இப்போ கீழ ஹால்ல இருக்கு, தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு செய்திக்கு முன்னாடி அரை மணி நேரம் சத்தம் வருது, கொஞ்சமும் இரைச்சல் இல்லாம. பழசு என் கட்டில் பக்கத்துல. கழுத்தை நிமிர்த்தித் தர ரோம்ஃபோர்டு பக்கம் ஒரு வயசான மெக்கானிக் இருக்கார்னு கேள்வி. சூடு காட்டி, இடுக்கி போட்டு நிமிர்த்துவாராம், நிமிரலாம், உடையவும் உடையலாம்னு போன்லயே சொல்லிட்டார். அடுத்த சனிக்கிழமை போறேன். செப்டம்பர்ல ஊருக்குக் கிளம்பும்போது விமானத்துல இதை எப்படிக் கொண்டு போறதுன்னு யாருக்காவது அனுபவம் இருந்தா சொல்லுங்க மக்களே. கழுத்தைக் கழட்டித்தான் பெட்டியில வைக்கணும்னு ரூம்மேட் சொல்றான். நாலு திருகாணிதான், ஆனா நான் இன்னும் ஸ்குரூடிரைவரைத் தொடலை.

நேத்து ராத்திரி ஆம்பை அணைக்காம தூங்கிட்டேன். காலையில அன்ரி டீ குடுக்கும்போது, "ராத்திரி நல்ல நித்திரை" அப்படின்னாங்க.